கரண்ட் இல்லாமல் தண்ணீர் மேலேறுமா?

வாசகர் கேள்வி – பதில்: தண்ணீர்ப் பக்கம்

(கண்மாய்கள் நிறையத் தொடங்கியதும் விழும் தண்ணீரின் வேகத்தாலேயே அதில் கொஞ்சத்தை மேலேற்றும் ரேம் பம்பு, மேட்டைத் தாண்டித் தண்ணீரைப் பள்ளத்துக்கு இறக்கும் சைபன் குழாய் பற்றிய கடிதங்கள் குவிந்துவிட்டன. இந்த இதழ் முழுவதும் அவற்றுக்கே.)

எங்கள் கொல்லைக் கிணறு 40 அடி ஆழம். ஒரு பிளாஸ்டிக் பாட்டில், இரண்டு வால்வு, நாலு எல்போ இருந்தால் கரண்ட் இல்லாமலே கிணற்றுத் தண்ணீர் மேலே வரும் என்று வீடியோக்களில் காட்டுகிறார்கள். பொருளெல்லாம் வாங்கிப் பொருத்திவிட்டேன். ஒரு சொட்டுகூட ஏறவில்லை. எங்கே தப்பு?
– வாசகர், கோட்டையூர்

வீடியோவில்தான் தப்பு. நீங்கள் எத்தனை முறை கழற்றி மாட்டினாலும் அது ஏறாது.

தண்ணீரை மேலே தூக்க வேலை செய்தாக வேண்டும். உங்கள் கிணற்றிலிருந்து 10,000 லிட்டரை 12 மீட்டர் தூக்குவதாக வைத்துக்கொள்வோம். உராய்வு, சேதாரம் எதுவும் இல்லாவிட்டால்கூட அதற்கு ஏறக்குறைய மூன்றில் ஒரு யூனிட் மின்சாரத்துக்குச் சமமான ஆற்றல் தேவை. சாதாரண மோட்டாருக்குச் சுமார் ஒரு யூனிட் பிடிக்கும். அந்த ஆற்றலை மோட்டார் தரலாம், கமலை மாடு தரலாம், ஏற்றம் மிதிக்கிற ஆள் தரலாம், வெயிலும் தரலாம். பாட்டிலால் முடியாது.

ரேம் பம்பு என்ற பொருள் உண்மையானது. கரண்ட் இல்லாமல் இரவும் பகலும் ஓடும். ஆனால் அதற்கும் கூலி உண்டு: நிறையத் தண்ணீர் கீழே விழுந்தால்தான் கொஞ்சம் தண்ணீர் மேலே போகும். கிணற்றில் கிடக்கிற தண்ணீர் ஏற்கெனவே அடிமட்டத்தில் இருக்கிறது. அது விழுவதற்கு அதைவிடப் பள்ளமான இடம் கிடையாது. ஆகவே கிணறு, போர்வெல், ஊரணி, தரைக்கடியில் உள்ள தொட்டி எதற்கும் ரேம் உதவாது. வீடியோக்காரர்கள் பெரும்பாலும் மண்ணுக்குள் ஒரு குழாயை மறைத்து வைக்கிறார்கள். சிலர் வெறும் சைபனைக் காட்டி, தண்ணீர் மேட்டுக்குப் போவதுபோலக் கேமராவைச் சாய்த்துப் பிடிக்கிறார்கள்.

வாங்கிய என்.ஆர்.வி. வால்வுகளை (தண்ணீரை ஒரு பக்கமாக மட்டும் விடுபவை) தூக்கிப் போட வேண்டாம். உங்கள் கிணற்றுக்குச் சரியான வழி சூரியசக்தி பம்பு. மானியம் பற்றி வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்தில் விசாரியுங்கள்.

அப்படியானால் செட்டிநாட்டில் ரேம் பம்பு ஓட வாய்ப்பே இல்லையா? திருப்பத்தூர் பக்கம் கண்மாய்க் கரையை ஒட்டி எங்களுக்கு மேட்டுக் கொல்லை இருக்கிறது. நூறு தென்னங்கன்று வைத்திருக்கிறோம். கண்மாயில் தண்ணீர் இருக்கும்வரையாவது மோட்டார் இல்லாமல் ஏற்ற முடியுமா?
– வாசகர், நாச்சியாபுரம்

முடியலாம். ஆனால் கடைக்குப் போவதற்கு முன் மூன்று அளவு எடுத்தாக வேண்டும்.

முதலாவது, தண்ணீர் விழும் உயரம். கண்மாயின் நீர்மட்டத்துக்கும், பம்பு உட்காரப்போகிற பள்ளத்துக்கும் உள்ள வித்தியாசம் இது. கண்ணால் பார்த்துச் சொல்கிற உயரத்தை நம்பாதீர்கள். நம் ஊர்த் தரை கிழக்கே கடல் பக்கமாக மிக மெதுவாகச் சரிகிறது, கண்ணுக்கு அது தெரியாது. கொத்தனாரிடம் டியூப் மட்டம் வாங்கி, தண்ணீர் நிரப்பி, காற்றுக்குமிழி போன பிறகு பிடித்துப் பாருங்கள். ஒரு மீட்டர் கிடைத்தால் வேலை தொடங்கலாம். 60 சென்டிமீட்டருக்குக் கீழே என்றால் வீட்டில் செய்த பம்பை மறந்துவிடுங்கள்.

இரண்டாவது, ஏற்ற வேண்டிய உயரம். பலர் கோட்டை விடுவது இங்கேதான். இதைக் கண்மாய் மட்டத்திலிருந்து அளக்கக் கூடாது, பம்பு இருக்கும் இடத்திலிருந்து அளக்க வேண்டும். மேட்டில் தொட்டி கட்டுவதாக இருந்தால் தொட்டியின் மேல்வாய் வரைக்கும் கணக்கு.

மூன்றாவது, நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் கிடைக்கும் என்பது. குழாய் வழியாக விட்டு 15 லிட்டர் வாளியில் பிடியுங்கள். 20 விநாடியில் நிறைந்தால் நிமிடத்துக்கு 45 லிட்டர்.

இனி கணக்கு. வருகிற தண்ணீரை விழும் உயரத்தால் பெருக்கி, ஏற்றும் உயரத்தால் வகுத்து, கடைசியில் பாதியாக்குங்கள். கடை என்.ஆர்.வி.யில் செய்த பம்புக்கு இந்தப் பாதி பொருந்தும். நல்ல தொழிற்சாலை பம்பு என்றால் 0.6 போட்டுக்கொள்ளலாம். நிமிடத்துக்கு 40 லிட்டர், விழும் உயரம் 1.2 மீட்டர், ஏற்றுவது 6 மீட்டர் என்றால்: 40 × 1.2 ÷ 6 = 8, அதில் பாதி 4 லிட்டர். கேட்க அற்பமாகத்தான் இருக்கும். இராப்பகல் ஓடினால் ஒரு நாளைக்கு 5,760 லிட்டர். கன்றுக்கு 40 லிட்டர் வீதம் நூறு கன்றுக்கு 4,000 போக மிச்சமும் இருக்கிறது.

மீதி 36 லிட்டர் எங்கே போகிறது? பம்பின் காலடியில் கொட்டுகிறது. நம் பக்கத்தில் ரேம் வைப்பதாக இருந்தால் இதுதான் யோசிக்க வேண்டிய விஷயம். அந்தக் கழிவுநீர் திரும்பவும் மடை வாய்க்காலில் சேரும்படி இடம் பார்த்து வைத்தால் ஆயக்கட்டுக்கு (கண்மாய் பாயும் நிலங்களுக்கு) பெரிய இழப்பு கிடையாது. எப்படியும் வயலுக்குப் போகிற தண்ணீர், போகிற வழியில் உங்களுக்குக் கொஞ்சம் தூக்கிக் கொடுத்துவிட்டுப் போகும். வாய்க்கால் ஓரிடத்தில் சட்டென்று இறங்குகிறது என்றால் அந்த இறக்கத்தில் வைப்பது உத்தமம். நம் வாய்க்கால்களில் அப்படி ஒரு மீட்டர் இறக்கம் அபூர்வம். கிடைக்காவிட்டால் கரைக்கு மேலே சைபன் போட்டு எடுப்பதுதான் வழி. அது கீழே தனிப் பதிலாக இருக்கிறது.

கண்மாய் நிறைந்து வழிகிற கலுங்குத் தண்ணீரை நம்பித் திட்டம் போடாதீர்கள். நல்ல வருடத்திலும் சில நாட்கள்தான் மறுகால் போகும்.

இன்னொன்று. கண்மாய் உங்களுடையதல்ல. ஆயக்கட்டு 40 ஹெக்டேருக்கு மேல் என்றால் நீர்வளத் துறை, அதற்குக் கீழ் என்றால் ஊராட்சி ஒன்றியம். அனுமதி வாங்குங்கள். அதற்கு முன்னால் ஆயக்கட்டுக்காரர்களிடமும் மடை திறந்து மூடும் நீர்பாய்ச்சியிடமும் பேசுங்கள். மடையை முறை வைத்துத்தான் திறப்பார்கள். மூடியிருக்கும் நாளில் வாய்க்கால் பம்பும் சும்மாதான் இருக்கும். 5,760 லிட்டர் என்பது திறந்திருக்கும் நாளின் கணக்கு.

காரைக்குடியில் பிளம்பிங் வேலை செய்கிறேன். ரேம் பம்பு செய்யச் சொல்லி ஒருவர் கேட்டிருக்கிறார். கடையில் கிடைக்கும் சாமான்களை வைத்தே செய்ய முடியுமா? பொருத்தும் வரிசையைச் சொல்லுங்கள்.
– வாசகர், காரைக்குடி

லேத் வேலை இல்லாமலே முடியும். முதலில் அது எப்படி அடிக்கிறது என்பதைப் புரிந்துகொள்ளுங்கள். பிறகு வரிசை தானே மனதில் நிற்கும்.

மேலிருந்து ஒரு நீளமான குழாய் வழியாகத் தண்ணீர் இறங்கி, திறந்திருக்கும் கழிவு வால்வு வழியாக வெளியே கொட்டுகிறது. வேகம் கூடக்கூட அந்த ஓட்டமே வால்வின் நாக்கைத் தூக்கி அடைத்துவிடுகிறது. ஓடுகிற பஸ் சட்டென்று பிரேக் போட்டால் நிற்கிறவர்கள் முன்னால் போய் மோதுவதுபோல, குழாய் நிறைய வந்த தண்ணீர் மொத்தமும் மோதுகிறது. அந்த அழுத்தத்தில் இரண்டாவது வால்வு திறந்து கொஞ்சம் தண்ணீர் காற்றுக்கலத்துக்குள் புகுகிறது. அங்கே அமுங்கிய காற்று அதை மேல் குழாயில் தள்ளும். மோதல் அடங்கியதும் தண்ணீர் ஒரு கணம் பின்வாங்கும். இரண்டாவது வால்வு மூடும், கழிவு வால்வின் நாக்கு தன் எடையிலேயே விழுந்து திறக்கும், மறுபடி ஓட்டம். நிமிடத்துக்கு 40 முதல் 60 அடி.

ஒன்றே கால் அங்குல பம்புக்கு வரிசை இது. மேலிருந்து வரும் குழாயின் முடிவில் பால் வால்வு, அடுத்து யூனியன் (கழற்றி மாட்டும் இணைப்பு), அடுத்து டீ (மூன்று வாய் இணைப்பு). டீயின் ஒரு வாய் வானத்தைப் பார்க்க வேண்டும். அதில் பித்தளை ஸ்விங் என்.ஆர்.வி.யை அம்புக்குறி கீழே பார்க்கும்படி மாட்டுங்கள். பிளம்பிங் பழகிய கை இதை இயல்பாகவே மேலே பார்த்து மாட்டிவிடும். அப்படி மாட்டினால் பம்பு ஓடாது. நாக்கு தன் எடையில் கீழே தொங்கித் திறந்திருக்க வேண்டும், மேல்நோக்கி வருகிற ஓட்டம் அதை அடைக்க வேண்டும்.

டீயின் நேர்வாயில் ஒரு நிப்பிள், பிறகு ஸ்பிரிங் வைத்த என்.ஆர்.வி. இதன் அம்பு முன்னோக்கி, அதாவது கலத்தின் பக்கம். அதையடுத்து இன்னொரு டீ. அதன் மேல்வாயில் காற்றுக்கலம், நேர்வாயில் முக்கால் அங்குலத்துக்கு ரெடியூசர், ஒரு பிரஷர் கேஜ், பால் வால்வு, யூனியன், பிறகு மேலே போகிற முக்கால் அங்குல எச்.டி.பி.ஈ. குழாய்.

காற்றுக்கலத்துக்கு 110 மில்லிமீட்டர் பி.வி.சி. குழாய், 10 கிலோ அழுத்தம் தாங்கும் ரகம், 90 சென்டிமீட்டர் நீளம். வடிகால் குழாய் மலிவாக இருக்கிறது என்று அதை வாங்காதீர்கள், வெடிக்கும். மேல் மூடியை ஒட்டுவதற்கு முன் பழைய சைக்கிள் டியூப் ஒன்றைப் பாதிக் காற்றோடு மடித்து உள்ளே விடுங்கள். விரலால் அமுக்கினால் மெத்தென்று உள்ளே போக வேண்டும். டியூப் இல்லாவிட்டால் கலத்துக் காற்று சிறுகச் சிறுகத் தண்ணீரில் கரைந்துபோய், சில வாரத்தில் கலம் முழுக்கத் தண்ணீராகிவிடும். டியூப் வேண்டாம் என்பவர்கள் இரண்டாவது வால்வுக்குச் சற்று முன்னால் குழாயில் ஒரு மில்லிமீட்டர் துளை போடுவார்கள். தண்ணீர் பின்வாங்கும்போதெல்லாம் அது ஒரு மிடறு காற்றை உறிஞ்சிக் கலத்துக்கு அனுப்பும். ஆனால் மண்டித்தண்ணீரில் அந்தத் துளை அடைந்தே தீரும். நம் செம்மண் தண்ணீருக்கு டியூப்தான் நல்லது. சொல்யூஷன் ஒட்டிய பின் ஒரு நாள் முழுக்கக் காயவிடுங்கள்.

மேலிருந்து வரும் குழாய்தான் இந்தப் பம்பின் உயிர். பணத்தை மிச்சம் பிடிப்பதாக இருந்தால் வேறு எங்காவது பிடியுங்கள். ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) குழாயாக இருக்க வேண்டும். பி.வி.சி. ஒவ்வொரு அடிக்கும் லேசாக விரிந்து சுருங்கி மோதலை விழுங்கிவிடும். ஓடும், ஆனால் குறைவாக ஏற்றும், வெயிலிலும் நாளடைவில் நொறுங்கும். நீளம் விழும் உயரத்தைப்போல் ஐந்து முதல் ஏழு மடங்கு. 1.5 மீட்டர் விழுச்சிக்கு 9 மீட்டர், அதாவது 6 மீட்டர் லெங்த்தில் ஒன்றரை. ரொம்பக் குட்டையாக இருந்தால் மோதலில் பலம் இருக்காது. ரொம்ப நீளமானால் உராய்வு தின்றுவிடும். எல்போ போடாமல் நேராக, இறங்குமுகமாக, நடுவில் கூன் இல்லாமல் பதிக்க வேண்டும். கூன் விழுந்த இடத்தில் காற்று தங்கும். காற்று தங்கினால் மோதல் செத்துவிடும்.

ஒன்றே கால் அங்குலம் நிமிடத்துக்குச் சுமார் 15 லிட்டருக்குத்தான் சரி. முன் பதிலில் சொன்ன 40 லிட்டருக்கு எல்லாவற்றையும் 2 அங்குலமாக வாங்குங்கள். மேலே போகிற குழாய் மட்டும் முக்கால் அங்குலமே போதும்.

பம்பைக் கான்கிரீட் கட்டையில் போல்ட் போட்டு இறுக்குங்கள். செங்கல் மேல் வைத்தால் அடிக்கிற அடியில் நடந்து போய்விடும். பம்புக் குழியிலிருந்து தண்ணீர் தானாக வடிந்து வெளியேற வழி வையுங்கள். குழி நிறைந்தால் எவ்வளவு நிறைகிறதோ அவ்வளவு விழும் உயரம் போச்சு.

ஓட்டத் தொடங்கும்போது மேலே போகிற வால்வை மூடிவிட்டுத் தண்ணீரைத் திறங்கள். கழிவு வால்வு ஒரு தடவை அடித்து மூடி அப்படியே நிற்கும். பயப்பட வேண்டாம். ஒரு குச்சியால் நாக்கைக் கீழே தள்ளுங்கள், மூடியதும் மறுபடி தள்ளுங்கள். இருபது முப்பது தடவையில் கேஜ் ஏறி, பம்பு தானாக அடிக்கத் தொடங்கும். பிறகு மேல் வால்வை மெள்ளத் திறங்கள். ஒரேயடியாகத் திறந்தால் எதிரழுத்தம் இறங்கிப் பம்பு நின்றுவிடும்.

ரேம் பம்பு செய்து மாட்டியும் விட்டேன். பத்துத் தடவை அடித்து நிற்கிறது. சில நாள் ஓடினாலும் சுத்தியலால் அடிப்பதுபோல் சத்தம். ஒரு நாள் நன்றாக அடித்தது, மேலே தண்ணீர் வரவில்லை.
– வாசகர், கண்டனூர்

மூன்றும் வெவ்வேறு வியாதி.

நிற்கும்போது கழிவு நாக்கு திறந்து நிற்கிறதா, மூடி நிற்கிறதா என்று முதலில் பாருங்கள். திறந்தபடி தண்ணீர் கொட்டிக்கொண்டே இருந்தால் ஓட்டத்துக்கு வேகம் போதவில்லை: வருகிற தண்ணீர் குறைவு, அல்லது சல்லடை அடைப்பு, அல்லது நாக்கு அதிக கனம். பம்புக்குத் தண்ணீர் தரும் தொட்டியில் நீர்மட்டம் குழாய் வாய்வரை இறங்கியிருந்தால் தண்ணீர்தான் குறைவு. குழாய்வாய் நீர்மட்டத்துக்கு ஒரு அடியாவது கீழே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் சுழி விழுந்து காற்றை இழுக்கும்.

மூடியபடி நின்றால் பின்வாங்கல் போதவில்லை. மேல் வால்வைக் கொஞ்சம் மூடி எதிரழுத்தம் கொடுத்துப் பாருங்கள். அப்படியும் நின்றால் குழாயில் காற்று இருக்கிறது. நாக்கைப் பத்து விநாடி அமுக்கிப் பிடித்துக் குமிழிகளை வெளியேற்றுங்கள். நாக்கு மிக லேசாக இருந்தாலும் இப்படி ஆகும். நாக்கில் ஒரு சிறிய போல்ட்டும் நட்டும் பூட்டினால் அடி மெதுவாகும், தண்ணீர் அதிகம் செலவாகும், மேலேயும் அதிகம் போகும். வரத்து குறையும் தை மாசி வாக்கில் அந்த நட்டைக் கழற்றிவிட வேண்டியிருக்கும்.

சுத்தியல் சத்தம் என்றால் காற்றுக்கலத்தில் காற்று இல்லை. டியூப் ஓட்டையாகியிருக்கும். அதோடு ஓட்டாதீர்கள், கலமோ கேஜோ முதலில் போகும்.

அடிக்கிறது, ஏறவில்லை என்றால் இரண்டாவது என்.ஆர்.வி.யில் மணலோ நத்தை ஓடோ சிக்கி மூடாமல் இருக்கிறது. போன தண்ணீர் அதே வழியில் திரும்பி வருகிறது. கழற்றிக் கழுவுங்கள். யூனியன் போடாமல் விட்டிருந்தால் இப்போது அதன் அருமை தெரியும். உள்வாய்க்குச் சின்னச் சல்லடை போதாது. ஒரு பிளாஸ்டிக் வாளி நிறையத் துளை போட்டு, மேலே கொசுவலை சுற்றி, குழாய்வாயை அதற்குள் விடுங்கள்.

கரையைத் தோண்டிக் குழாய் பதித்தால் சைபன் தேவையில்லையே? சைபன் அடிக்கடி நின்றுவிடும் என்கிறார்களே?
– வாசகர், சிங்கம்புணரி

கரையில் மண்வெட்டி வைக்கவே கூடாது. குழாயின் வெளிப்புறத்தை ஒட்டித் தண்ணீர் கசிந்து, மண்ணைத் துளித்துளியாக எடுத்துக்கொண்டே போகும். வெளியே கலங்கல் தெரியும்போது காலம் கடந்திருக்கும். உடைப்பு எடுத்தால் ஊருக்கே கேடு, வழக்கும் உங்கள் மேல்தான் வரும்.

சைபன் போட 63 மில்லிமீட்டர் எச்.டி.பி.ஈ. குழாய் வாங்குங்கள். உறிஞ்சும்போது சப்பிப்போகிற மெல்லிய ஹோஸ் ஆகாது. கண்மாய்க்குள் இருக்கும் முனையில் ஃபுட் வால்வு (ஊற்றிய தண்ணீர் திரும்பி வடியாமல் தடுப்பது), வெளிமுனையில் பால் வால்வு, கரையின் உச்சியில் மேல்நோக்கி ஒரு டீ, அதற்கு ஒரு வால்வு. வெளிமுனையை மூடி, உச்சி டீ வழியாகக் குழாய் நிரம்பி வழியும்வரை தண்ணீர் ஊற்றி, டீயை மூடிவிட்டு வெளிமுனையைத் திறந்தால் ஓடும். வெளிமுனை கண்மாய் நீர்மட்டத்துக்குக் கீழே இருந்தாக வேண்டும். சைபன் கரையைத் தாண்டும், நீர்மட்டத்துக்கு மேலே கொண்டுபோய் ஊற்றாது.

கொள்கையளவில் 10 மீட்டர் மேட்டையும் தாண்டலாம். நடைமுறையில் நம் வெயிலுக்கு 6 மீட்டருக்கு மேல் முயலாதீர்கள். கண்மாய்க் கரைக்கு அது தாராளம். அடிக்கடி நிற்பதற்குக் காரணம், தண்ணீரில் கரைந்திருக்கும் காற்று உச்சியில் சேர்வதுதான். நின்றால் உச்சி டீயைத் திறந்து மறுபடி நிரப்புங்கள். இணைப்புகளில் ஊசிமுனை ஓட்டை இருந்தாலும் சொட்டாது, காற்றை உள்ளே இழுக்கும். ஆகவே வெளியே ஈரம் தேடிப் பயனில்லை. சோப்பு நுரையைத் தடவி, உள்ளே உறிஞ்சப்படுகிறதா என்று பாருங்கள்.

ரேமுக்கு இணைப்பதானால் சைபனை நேராகப் பம்பில் மாட்டக் கூடாது, உச்சிக் காற்று மோதலைக் கெடுத்துவிடும். கண்மாய் மட்டத்துக்கு ஒரு சாண் கீழே வாய் இருக்கும்படி வெளியே ஒரு டிரம் அல்லது சிமெண்ட் உறை வைத்து, சைபனை அதில் விடுங்கள். பம்புக்கான ஜி.ஐ. குழாய் அங்கிருந்து கிளம்பட்டும்.

எங்கள் வீடு பழைய காலத்து வளவு வீடு. மழை பெய்தால் நாலு தாழ்வார ஓட்டுத் தண்ணீரும் வளவில் (நடுமுற்றத்தில்) வந்து கொட்டும். அந்த வேகத்தை வைத்து ரேம் பம்பு ஓட்டி மாடித் தொட்டிக்கு ஏற்றலாமா?
– வாசகி, கானாடுகாத்தான்

ஆச்சி, அந்தத் தண்ணீர் மேலேயிருந்துதான் வருகிறது. கீழே விட்டு, பத்தில் ஒன்பது பங்கை இழந்து, ஒரு பங்கை மறுபடி மேலே அனுப்புவானேன்? ஓட்டு விளிம்பில் தகரப் பீலி கட்டி, முதல் மழையின் அழுக்குத் தண்ணீரை ஒதுக்கிவிட்டு, விளிம்புக்குக் கீழே எவ்வளவு உயரத்தில் தொட்டி வைக்க இடம் இருக்கிறதோ அங்கேயே பிடித்துக்கொள்ளுங்கள். அடுப்படிக்கும் குளியலறைக்கும் அங்கிருந்து தானே இறங்கும்.

சிறுமலையில் மகளுக்குத் தோட்டம். ஓடையில் நிமிடத்துக்கு 60 லிட்டர் வருகிறது, 4 மீட்டர் விழுச்சி. வீடு 30 மீட்டர் மேலே.
– வாசகர், பள்ளத்தூர்

ரேம் பம்புக்கென்றே அமைந்த இடம். 60 × 4 ÷ 30 = 8, பாதி 4 லிட்டர், நாளைக்கு 5,760. தொழிற்சாலை பம்பு என்றால் 6,900 வாக்கில் எதிர்பார்க்கலாம். இரண்டங்குல ஜி.ஐ. நாலு லெங்த், 24 மீட்டர். மேலே போகிற குழாயில் நிற்கிற அழுத்தமே 3 கிலோ, அடியின் அதிர்வு அதற்கு மேல். அதனால் 6 கிலோ ரகத்துக்குக் குறைந்து வாங்க வேண்டாம். காற்றுக்கலத்தையும் பி.வி.சி.யில் செய்யாமல் இரும்புக் குழாயில் வெல்டிங் செய்துவிடுங்கள்.

பின்னால் தண்ணீர் கூடுதலாகத் தேவைப்பட்டால் பெரிய பம்புக்கு மாற வேண்டாம், பக்கத்தில் இன்னொன்று வையுங்கள். ஒவ்வொன்றுக்கும் மேலிருந்து வரும் குழாய் தனித்தனியாக இருக்க வேண்டும். மேலே போகிற குழாய் இரண்டுக்கும் பொதுவாக இருக்கலாம். கோடையில் ஓடை மெலிந்தால் ஒன்றை நிறுத்திக்கொள்ளலாம்.

பொறியியல் மாணவன். ரேம் பம்பின் திறனை இரண்டு புத்தகத்தில் இரண்டு விதமாகக் கணக்கிடுகிறார்கள். எது சரி? இதைக் கண்டுபிடித்தது யார்?
– வாசகர், காரைக்குடி

இரண்டும் சரி, எதை என்று சொல்லிவிட்டுப் போட வேண்டும். நம் கணக்கையே எடுப்போம்: வரத்து 40, ஏறுவது 4, கழிவு 36 லிட்டர். விழுவது 1.2, ஏறுவது 6 மீட்டர். டி'ஆபுயிசோன் முறையில் (4 × 6) ÷ (40 × 1.2) = 50 சதவீதம். ராங்கின் முறையில் ஏற்றத்தைப் பம்பிலிருந்து அல்லாமல் தண்ணீர் கிளம்பும் மட்டத்திலிருந்து எடுத்து, கழிவுநீரை மட்டும் வகுப்பில் வைப்பார்கள்: (4 × 4.8) ÷ (36 × 1.2) = 44 சதவீதம். விற்பவர்கள் எதைப் போடுவார்கள் என்று சொல்லத் தேவையில்லை.

1772-இல் இங்கிலாந்தில் ஜான் வைட்ஹர்ஸ்ட் செய்ததில் குழாயைக் கையால் திறந்து மூட வேண்டும். தானே அடிக்கிற பம்பை 1796-இல் செய்தவர் பிரான்சின் ஜோசப் மோன்கோல்ஃபியே. 1783-இல் தம்பியோடு சேர்ந்து வெப்பக்காற்று பலூன் விட்டாரே, அவரேதான்.

பள்ளி அறிவியல் கண்காட்சிக்கு மோட்டார் இல்லாத நீரூற்று செய்ய வேண்டும். மாணவர்களே செய்யும்படி ஒன்று சொல்லுங்கள்.
– ஆசிரியை, தேவகோட்டை

ஹீரோ நீரூற்று. அலெக்சாந்திரியாவின் ஹீரோ என்ற கிரேக்க அறிஞர் முதல் நூற்றாண்டில் எழுதிவைத்தது. மேலே ஒரு திறந்த கிண்ணம், நடுவில் தண்ணீர் நிறைந்த இரண்டு லிட்டர் பாட்டில், அடியில் காலி பாட்டில். மூன்று டியூப். கிண்ணத்தின் அடியிலிருந்து காலி பாட்டிலின் அடிவரை ஒன்று. காலி பாட்டிலின் மூடியிலிருந்து நடுப் பாட்டிலின் மேற்பகுதிவரை, காற்று போக ஒன்று. நடுப் பாட்டிலின் அடியிலிருந்து கிண்ணத்துக்கு மேலே வந்து முடிய ஒன்று, அதன் முனையில் தீர்ந்துபோன பேனா ரீஃபில் துண்டு. கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றினால் அது அடிப் பாட்டிலில் இறங்கி, காற்றைத் தள்ளி, அந்தக் காற்று நடுப் பாட்டில் தண்ணீரை மேலே பீய்ச்சும்.

அடிப் பாட்டில் எவ்வளவு கீழே இருக்கிறதோ ஊற்று அவ்வளவு உயரும், டியூப்பை நீளமாக விடுங்கள். ஓடாவிட்டால் மூடித் துளைகளில் காற்று கசிகிறது, எம்-சீல் வைத்து அடையுங்கள். நடுப் பாட்டில் காலியானதும் நின்றுவிடும். "இது நிற்காமல் ஓடும்" என்று அட்டையில் எழுதி வைக்காமல், ஏன் நின்றது என்று பிள்ளைகளையே சொல்ல விடுங்கள்.

சக்கரத்தில் ஹோஸ் பைப்பைச் சுருட்டி வாய்க்காலில் சுழலவிட்டால் தண்ணீர் ஏறுமாமே?
– வாசகர், புதுவயல்

ஏறும். சுருள் பம்பு என்பார்கள், 1746 வாக்கில் சூரிச்சில் வந்தது. ஒவ்வொரு சுற்றிலும் குழாய்வாய் கொஞ்சம் தண்ணீரும் கொஞ்சம் காற்றும் மாறி மாறி அள்ளும். சுருள்கள் கூடக்கூட அழுத்தம் கூடும். ஆனால் துடுப்பைத் தள்ளுமளவு வாய்க்கால் வேகமாக ஓட வேண்டும். நம் மடை வாய்க்கால் அநேகமாக நடக்கிறது, ஓடுவதில்லை. சுழலும் சக்கரத்துக்கும் நிற்கிற குழாய்க்கும் இடையேயுள்ள இணைப்பு ஒழுகுவதுதான் தீராத தலைவலி. மேல் வாய்க்கால் வேகமாக இறங்கும் இடம் இருந்தால் மட்டும் முயலுங்கள்.

கண்மாய் வற்றிய பிறகு ரேம் பம்பை அப்படியே விட்டுவிடலாமா?
– வாசகர், குன்றக்குடி

கூடாது. யூனியன்களைக் கழற்றிப் பம்பை வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுங்கள், பித்தளைக்குப் பழைய இரும்புக் கடையில் நல்ல விலை. வால்வுகளைக் கழுவி உலர்த்துங்கள். நாக்கின் ரப்பர் வாஷரில் பள்ளம் விழுந்திருந்தால் லாரி டியூப்பில் அதே அளவு வெட்டி மாற்றுங்கள். கேஜைக் கழற்றித் தனியாக வையுங்கள். ஜி.ஐ. குழாயை இடத்திலேயே விடலாம். ஆனால் இரண்டு வாயையும் எண்ட் கேப் போட்டு மூடுங்கள், இல்லாவிட்டால் குளவி மண்கூடு கட்டிவிடும். அந்தக் கட்டி அடுத்த பருவத்தில் முதல் அடியிலேயே இரண்டாவது வால்வுக்குள் போய் உட்காரும்.